டீச்சரா, டியூட்டரா?

ஏழாம் வகுப்பில் 'எனக்குப் பிடித்த ஆசிரியர்' என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் பத்து வரி எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி, மாலையில் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர் அக்காவைப் பற்றி எழுதியிருந்தாள். அதில் 'டீச்சர்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு 'டியூட்டர்' என்று திருத்தினேன்.

நோட்டைப் பார்த்தவள், "அப்போ அக்கா டீச்சர் இல்லையா மிஸ்?" என்று கேட்டாள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். டீச்சர் என்பது பொதுச்சொல். கற்பிக்கும் எவரையும் அப்படிச் சொல்லலாம். பிழை அவளுடையது அல்ல, என்னுடையது.

மறுநாள் வகுப்பில் அதை ஒப்புக்கொண்டு, கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதினேன்: எங்கே கற்பிக்கிறார்? எத்தனை பேருக்கு? எதை? விடைகளைச் சேர்ந்தே கண்டுபிடித்தோம்.

டியூட்டர்: ஒருவருக்கோ சிறு குழுவுக்கோ பாடம் சொல்லித்தருபவர். 'காத்தல்' என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

இன்ஸ்ட்ரக்டர்: நீச்சல், வாகனம் ஓட்டுதல், தொழிற்பயிற்சி போன்ற செய்திறன்களைக் கற்பிப்பவர்.

கோச்: விளையாட்டு வீரரையோ அணியையோ போட்டிக்குத் தயார் செய்பவர். ஹங்கேரியின் கோச் என்ற ஊரில் செய்த குதிரை வண்டியின் பெயர் இது. தேர்வு வரை மாணவரைச் 'சுமந்து செல்பவர்' என்ற பொருளில் 19ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள் இதை ஆசிரியருக்கு வழங்கினார்கள்.

டிரெய்னர்: பணிக்கான திறனையோ உடற்பயிற்சியையோ பழக்குபவர்.

லெக்சரர், புரொஃபசர்: உயர்கல்வி நிறுவனங்களில் கற்பிப்பவர்கள். பிரிட்டனில் புரொஃபசர் என்பது மிக உயர்ந்த பதவி. அமெரிக்காவில் கல்லூரி ஆசிரியர்களைப் பொதுவாகவே அப்படி அழைப்பார்கள். நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைப்படி, கல்லூரி ஆசிரியரின் தொடக்கப் பதவி உதவிப் பேராசிரியர்.

மென்டார்: பாடத்தைத் தாண்டி வாழ்க்கைக்கும் வழிகாட்டுபவர். ஹோமரின் 'ஒடிசி' காவியத்தில், ஒடிசியஸ் தன் வீட்டை ஒப்படைத்துச் சென்ற நண்பரின் பெயர்.

பிறகு ஒரு செயல்பாடு. ஒவ்வொரு குழுவும் தமக்குத் தெரிந்த ஐந்து பேரைக் குறிப்பிட்டு, பொருத்தமான சொல்லையும் காரணத்தையும் சொல்ல வேண்டும். கபடி சொல்லித்தரும் மாமா கோச். தையல் பள்ளி அக்கா இன்ஸ்ட்ரக்டர். இங்கு சொல்லைவிடக் காரணத்துக்கே மதிப்பெண் கொடுத்தேன்.

அந்த மாணவி எழுந்து, "அக்கா டியூட்டர்தான் மிஸ். ஆனா பள்ளிக்கூடத்துக்கு நான் மறுபடி வர ஆரம்பிச்சதே அவங்களாலதான். அதனால மென்டாரும்தான்" என்றாள்.

அவள் நோட்டில் என் திருத்தத்தை அடித்துவிட்டு, அவள் எழுதிய 'டீச்சர்' என்ற சொல்லுக்குச் சரி குறி போட்டேன். பிழையான சொல் வேறு, இன்னும் நுட்பமாகச் சொல்லக்கூடிய சொல் வேறு. முதலாவதற்கு மட்டுமே சிவப்பு மை. இரண்டாவதற்கு ஒரு கேள்வி கேட்டாலே போதும்.