வணிகரின் கையும் கைப்பேசியும்

"நடுநிசியில் கை மரத்துப்போய் விழித்துக்கொள்கிறேன். உதறினால் சற்று நேரத்தில் சரியாகிவிடுகிறது. வாயுத் தொல்லையாக இருக்கும்." கோத்தா திங்கியில் வாணிபம் புரியும் நம் சகோதரர்கள் சிலர் இவ்வாறு சொல்லக் கேட்கிறோம். சொல்லிவிட்டுத் தைலம் தேய்த்துக்கொண்டு, விடிந்ததும் கடை திறக்கச் சென்றுவிடுகிறார்கள்.

இது வாயு அன்று. பெரும்பாலும் மணிக்கட்டில் ஒரு நரம்பு நெருக்குண்டிருப்பதன் அடையாளமே இது. காலத்தில் கவனித்தால் சொற்பச் செலவில் தீரும். அசட்டையாக இருந்தால் பெருவிரலின் வலிமையே குன்றிப்போகும். கையை நம்பிப் பிழைக்கும் நாம் இதனை அறிந்து வைத்திருப்பது அவசியமன்றோ?

கைக்கு வந்த புது வேலை

தராசு பிடிப்பதும், துணி அளப்பதும், பேரேடு எழுதுவதும் முன்னாளில் வணிகரின் கைவேலைகளாக இருந்தன. இன்று அவற்றோடு கைப்பேசியும் சேர்ந்துகொண்டது. ஜொகூர் பாருவிலுள்ள மொத்த வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் சரக்குப் பட்டியல் அனுப்புகிறோம். வாடிக்கையாளர் செலுத்திய பணம் வந்து சேர்ந்ததா என்று திரையைப் பார்க்கிறோம். தேசாருவுக்கும் மெர்சிங்குக்கும் செல்லும் பயணிகள் வந்திறங்கும் வார இறுதியில், ஒரு கை கல்லாவிலும் மறு கை கைப்பேசியிலுமாக நிற்கிறோம். கடை அடைத்த பின்னரும் ஊரிலுள்ள குடும்பத்தாருடன் பேச்சு, அதன்பின் படுக்கையில் காணொளி.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். புது வேலை வந்ததால் பழைய வேலை எதுவும் குறையவில்லை. ரொட்டி சானாய் வீசும் கையும், தே தாரிக் இழுக்கும் கையும், துணிக்கட்டுத் தூக்கும் கையுமே ஓய்வு நேரத்தில் கைப்பேசியைப் பிடிக்கின்றன. ஆகவே கைக்கு உரிய ஓய்வு அதற்குக் கிட்டுவதேயில்லை.

நோய் பிறக்கும் இடம்

மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்புகளும் ஓர் உறுதியான தசைநாரும் சேர்ந்து ஒரு குறுகிய வழியை அமைத்துள்ளன. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதனூடே செல்கின்றன. தசைநாண்களைச் சூழ்ந்த உறை வீங்கினாலும், மணிக்கட்டு நெடுநேரம் வளைந்தே இருந்தாலும், நரம்பு நசுங்குகிறது. இதனையே வைத்தியர்கள் கார்ப்பல் டனல் நோய் என்கின்றனர்.

மற்றொன்று பெருவிரலைப் பற்றிய வியாதி. பெருவிரலை விரித்து நீட்டும் இரு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஓர் உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்தால் விரலை அசைக்கும்போதெல்லாம் வலிக்கும். சுவிட்சர்லாந்து வைத்தியர் டி கேர்வைன் 1895இல் இதனை விளக்கியதால் அவர் பெயரே நோய்க்கு வழங்குகிறது.

கைத்தொழிலால் கை நோவது புதிதன்று. இத்தாலிய வைத்தியர் ராமஸ்ஸினி தமது தொழில்நோய் நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே, நாள் முழுவதும் எழுதும் கணக்கர்களின் கை சோர்ந்து போவதைப் பற்றி எழுதியுள்ளார். அன்று இறகுப் பேனா; இன்று கைப்பேசி.

குற்றம் கைப்பேசியினுடையது மட்டுமா?

2013 டிசம்பர் 25ஆம் நாள் ஸ்பெயினில் கர்ப்பிணியான ஒரு வைத்தியப் பெண்மணி, 130 கிராம் எடையுள்ள கைப்பேசியில் குறைந்தது ஆறு மணி நேரம் வாழ்த்துச் செய்திகளுக்கு மறுமொழி அனுப்பினார். பின்னர் ஒருநாள் காலை இரு மணிக்கட்டுகளிலும் வலியோடு கண் விழித்தார். இச்செய்தி 2014இல் லான்செட் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. அமெரிக்காவில் 29 வயது இளைஞர் ஒருவர் பல வாரங்கள் நாள் முழுவதும் கைப்பேசியில் விளையாடி, பெருவிரல் தசைநாணையே அறுத்துக்கொண்டார். 2015இல் வெளியான அவ்விவரத்தில் நம்மைத் திடுக்கிடச் செய்வது யாதெனில், விளையாடும்போது அவருக்கு வலியே தோன்றவில்லை என்பதுதான். மனம் திரையில் ஆழ்ந்தால் கை முறையிடுவது காதில் விழுவதில்லை.

2017இல் ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தார் மாணவர்களைச் சோதித்தனர். மின்கருவிகளை மிகுதியாகப் பயன்படுத்தியோரிடம் கைவலி கூடுதலாக இருந்ததோடு, மணிக்கட்டு நரம்பும் தடித்திருக்கக் கண்டனர். எனினும் கைப்பேசி ஒன்றே இந்நோயை உண்டாக்கும் என்று துணிந்து கூறுதல் நியாயமாகாது. பாரம் சுமக்கும் கைக்கு மேலும் ஒரு பாரம் என்று கொள்வதே சரி.

நீரிழிவு உள்ளோர் இன்னும் விழிப்பாக இருத்தல் வேண்டும். அவர்களுக்குக் கார்ப்பல் டனல் நோயும் விரல் மடங்கிச் சிக்கிக்கொள்ளும் நோயும் மற்றவரினும் அதிகமாக வருகின்றன. 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயதுவந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு. "எல்லாம் சர்க்கரையால் வந்தது" என்று கைவிட்டுவிடுவோர் பலர். அதிலும் தீர்க்கக்கூடிய பகுதி ஒன்று இருக்கலாம் என்பதை மறக்கலாகாது.

எந்த விரல் என்று பாருங்கள்

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகியவை மரத்து, சுண்டுவிரல் மட்டும் நலமாயிருந்தால் மணிக்கட்டு நரம்பை ஐயுற வேண்டும். இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழ்நோக்க, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருங்கள். மரப்பு தோன்றினால் ஐயம் வலுக்கும்.

சுண்டுவிரலும் அதையடுத்த பாதி விரலும் மரத்தால் கோளாறு பெரும்பாலும் முழங்கையில் இருக்கும். கையை மடக்கிக் கைப்பேசியை நெடுநேரம் காதில் வைப்பவர்க்கு இது நேரலாம்.

பெருவிரலை உள்ளங்கையில் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டை மெல்லச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். பெருவிரலின் அடியில் சுரீரென்று வலித்தால் அது டி கேர்வைன் நோயாக இருக்கலாம்.

இவை அடையாளங்களே, தீர்ப்பு வைத்தியருடையது. ஒரு பக்கக் கை திடீரென வலுவிழந்து, வாய் கோணி, பேச்சும் குழறினால் அது வேறு வியாதி. அப்பொழுது ஒரு நிமிடமும் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. நீண்ட செய்திகளைத் தட்டாதீர்கள். குரல் பதிவாக அனுப்புங்கள். பட்டியல் பெரிதானால் கணினியில் எழுதுங்கள்.

2. கல்லாவில் கைப்பேசியை ஒரு தாங்கியில் நிறுத்துங்கள். ஒரு கையால் பிடித்து, அக்கையின் பெருவிரலாலேயே தட்டுவதை விடுத்து, மறு கையின் சுட்டுவிரலைப் பயன்படுத்துங்கள். மணிக்கட்டு நேராக இருக்கட்டும்.

3. ஐவேளைத் தொழுகை நமக்கு வாய்த்த ஓய்வு. ஒளுச் செய்து தொழுது முடித்தவுடன் கைப்பேசியை எடுக்காமல், விரல்களைச் சில தடவை விரித்து மடக்குங்கள். சுஜூதில் கையூன்றும்போது மணிக்கட்டு வலித்தால் அதனையும் வைத்தியரிடம் கூறுங்கள்.

4. இரவில் மரத்துப்போகிறவர்கள் மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையை அணிந்து உறங்கலாம். மருந்துக் கடைகளில் கிடைக்கும். சில வாரங்களில் பலருக்குக் குணம் தெரியும்.

5. குணம் தெரியாவிட்டாலும், பகலிலும் மரப்பு நீங்காவிட்டாலும், பொருள்கள் கைதவறி விழுந்தாலும் நாள் கடத்த வேண்டாம். குடிமக்கள் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் வைத்தியரைக் காணலாம். தேவைப்பட்டால் ஊசி மருந்தும், நரம்பை நெருக்கும் தசைநாரை அறுத்துவிடும் சிறு சத்திரசிகிச்சையும் உண்டு. பெருவிரலின் அடிச்சதை வற்றிய பின் சென்றால் இழந்த வலிமை முழுதும் திரும்பும் என்பதற்கு உறுதியில்லை.

தொழிலாளியின் கை

முதலாளிமாருக்கு ஒரு சொல். கடல் கடந்து நம் கடைக்கு வந்து உழைக்கும் தம்பி "கை மரக்குது, முதலாளி" என்றால், "ராத்திரி முழுக்கப் போனை நோண்டினால் மரக்காதா?" என்று ஏசி அனுப்பிவிடாதீர்கள். அவன் கைப்பேசி பார்ப்பது உண்மையாக இருக்கலாம். பகல் முழுவதும் அவன் மாவு பிசைந்ததும் உண்மையே. வேலையை மாற்றிக் கொடுங்கள், வைத்தியரிடம் அனுப்புங்கள். அயல்நாட்டவருக்குக் கட்டணம் அதிகம் என்பதால் அவனாகச் செல்லத் தயங்குவான். அச்செலவில் பங்கு கொள்வது நம் கடமை.

மறுமையில் கைகள் சாட்சி கூறும் என்பது நம் நம்பிக்கை. இம்மையிலும் அவை நம்மிடம் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. இரவில் மரத்து எழுப்புவதும் ஒரு பேச்சே. உடல் நாயன் தந்த அமானிதம். அதற்கும் நம்மீது ஹக்கு உண்டு. அந்த ஹக்கைப் பேணி, ஹலாலான உழைப்பில் நெடுங்காலம் நிலைத்திருக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக. ஆமீன்.