நரம்பணுவும் கணிப்பொறியும்

சென்ற பங்குனி மாதத்தில், நம் கஞ்சிக்கோட்டு வளாகத்தில் நண்பர் ஒருவர் தம் கணிப்பொறித் திரையைச் சுட்டிக்காட்டி, "நான் அமைத்த நரம்பணு செத்துக் கிடக்கிறது, பாரப்பா!" என்று வருந்தினார். அவர் பயன்படுத்தியது 'நியூரான்' என்னும் மென்பொருள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜான் மூரின் ஆய்வுக்கூடத்தில் தோன்றி, மைக்கேல் ஹைன்சால் வளர்க்கப்பட்டது; விலையின்றிக் கிடைப்பது. எவ்வளவு மின்னோட்டம் செலுத்தியும் முழுமையான மின்துடிப்பு எழவில்லை. தேடியபோது, வெப்பநிலை 37 பாகை என்று இடப்பட்டிருக்கக் கண்டோம். மனித உடலின் வெப்பம் அதுதானே என்றார். உண்மைதான். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட சமன்பாடுகள் மனிதனுடையவை அல்ல, கணவாயினுடையவை! (நாம் குடியிருக்கும் பாலக்காட்டுக் கணவாய் அன்று, கடலில் வாழும் கணவாய்.)

1952-ஆம் ஆண்டில் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் பருத்த நரம்பிழையை ஆராய்ந்து, சோடியம், பொட்டாசியம் அயனிகள் சவ்வைக் கடக்கும் முறையைச் சமன்பாடுகளாக வகுத்தனர். 1963-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அச்சமன்பாடுகள் 6.3 பாகைக்கு உரியவை. நியூரானில் 'எச்.எச்.' என்று இரண்டெழுத்து இட்டால் வந்து சேர்வன அவையே.

அம்மென்பொருள், வெப்பநிலை பத்துப் பாகை உயரும்தோறும் அயனி வாயில்களின் வேகத்தை மும்மடங்காக்குகிறது. 37 பாகையில் அவ்வேகம் ஏறத்தாழ 29 மடங்காகிவிடும். சவ்வின் மின்தேக்குதிறனோ மாறுவதில்லை. ஆகவே மின்னழுத்தம் உயர்வதற்குள் சோடிய வாயில் அடைபடுகிறது. பொட்டாசிய வாயிலும் திறந்துவிடுகிறது. துடிப்பு எங்ஙனம் எழும்? 6.3 என்று திருத்தியதும் நண்பரின் நரம்பணு துள்ளியெழுந்தது.

நிற்க. புதிதாகக் கற்போர் முதலில் சிறிது கைக்கணக்குப் போட்டுப் பார்த்தல் நலம். ஹக்ஸ்லி அப்படித்தான் செய்தார். கேம்பிரிட்ஜின் கணிப்பொறி மாற்றியமைப்பிற்காக நிறுத்தப்பட்டிருந்தமையால், கையால் சுற்றும் கணக்கிடு கருவியைக் கொண்டே துடிப்பின் வடிவத்தைக் கணித்தார். நமக்கு அத்துணைப் பாடு வேண்டா. கசிவு மட்டுமே உள்ள சவ்வு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மின்தேக்குதிறன் 1 மைக்ரோபாரட், கசிவு 0.3 மில்லிசீமன்ஸ், செலுத்தும் மின்னோட்டம் 3 மைக்ரோஆம்பியர். ஒவ்வொரு மில்லிவினாடியாகக் கணக்கிடுக. முதல் அடியில் மின்னழுத்தம் 3 மில்லிவோல்ட் உயரும். அடுத்து, கசிவு 0.9 போக 2.1 கூடி 5.1 ஆகும். மூன்றாம் அடியில் 6.57. சமன்பாட்டின் சரியான விடையோ 5.93! கால அடி பெரிதானால் விடை எவ்வளவு வழுவுகிறது என்பது இதனால் விளங்கும். நியூரான் தானாக எடுத்துக்கொள்ளும் கால அடி 0.025 மில்லிவினாடி என்பதன் பொருளும் அப்போது புரியும். அதைப் பாதியாக்கி மீண்டும் ஓட்டுக. விடை மாறினால் நம்பற்க. நீண்ட இழையைக் கூறுபோடும்போது கூறுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கட்டும். நடுப்புள்ளியில் கணக்கு நிகழ அது வேண்டும்.

பைத்தான் மொழி தெரிந்தவர்க்கு இதெல்லாம் சில நாள் வேலையே. பெங்களூர்த் தேசிய உயிரியல் மையத்தில் உபிந்தர் பல்லா குழுவினர் உருவாக்கிய 'மூஸ்' மென்பொருளையும் பின்னர் பயின்று பார்க்கலாம். நண்பருக்கு வேண்டியதோ பாலூட்டியின் நரம்பணு. யேல் பல்கலைக்கழகத்தின் 'மாடல் டிபி' தொகுப்பில் அத்தகையன பல கிடைக்கின்றன. இம்முறை அவர் முதலில் பார்ப்பது, எவ்வுயிரின் வாயில்கள், எவ்வெப்பநிலையில் அளந்தவை என்னும் குறிப்பைத்தான்.