நிறத்தைக் கடைசியில் கேளுங்கள்

நம்பிக்கை: கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தால் ஸ்படிகம், ஊதாவாக இருந்தால் செவ்வந்திக்கல். நிறமும் பளபளப்பும் தெரிந்தால் கனிமத்தின் பெயரைச் சொல்லிவிடலாம்.

உண்மை: பெரும்பாலான கனிமங்களில் நிறம்தான் மிகப் பலவீனமான சாட்சி. உதாரணத்துக்கு, தாணேயை ஒட்டிய பார்சிக் குன்றுகளும் மும்ப்ரா மலையும் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தை மூடிய எரிமலைக் குழம்பு இறுகியதால் உண்டானவை. அந்தப் பாறையில் வாயுக் குமிழிகள் விட்டுப்போன பொந்துகளில் பிற்பாடு வெந்நீர் ஊறியது. அதில் கரைந்திருந்தவை குவார்ட்ஸ், கால்சைட், அபோஃபிலைட், ஸ்டில்பைட் என்று படிகங்களாக வளர்ந்தன. 1863-இல் திறக்கப்பட்ட போர் காட் கணவாய் ரயில்பாதைக்காக மலையை வெட்டியபோது கிடைத்த இத்தகைய படிகங்கள் ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் வரை போயின. இந்த நான்குமே நிறமில்லாமலும் கிடைக்கும்; நிறமில்லாத குவார்ட்ஸ்தான் ஸ்படிகம். அபோஃபிலைட்டில் துளி வனேடியம் கலந்தால் பச்சை. குவார்ட்ஸில் கொஞ்சம் இரும்பும் இயற்கைக் கதிர்வீச்சும் சேர்ந்தால் ஊதா; அதுதான் செவ்வந்திக்கல். ஆனால் ஊதா நிறம் ஃபுளோரைட்டுக்கும் உண்டு. ஒரே கனிமம் பல நிறத்தில், பல கனிமங்கள் ஒரே நிறத்தில் வரும்போது நிறத்தை வைத்து எப்படித் தீர்ப்புச் சொல்வது?

கல் எப்படித் தோன்றுகிறது என்பதைவிட, கீறினால், உடைத்தால், அமிலம் பட்டால் என்ன செய்கிறது என்பதே பெயரைச் சொல்லும். கனிமங்களின் கடின அளவுகோலில் எஃகுக் கத்தி சுமார் 5.5, குவார்ட்ஸ் 7. கத்தியால் இழுத்தால் குவார்ட்ஸில் சாம்பல் கோடு ஒன்று விழும். விரலால் துடைத்தால் போய்விடும், ஏனென்றால் தேய்ந்தது கல் அல்ல, கத்தி. கால்சைட்டின் கடினம் 3. கத்தி பள்ளமே பறிக்கும், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்கும். உடைத்தால் கால்சைட் எப்போதும் சாய்ந்த பெட்டி வடிவத் துண்டுகளாகப் பிளக்கும். குவார்ட்ஸுக்குப் பிளவுத்தளம் கிடையாது, சிப்பி போல வளைந்து உடையும். அபோஃபிலைட் ஒரே திசையில் பிளக்கும். அந்த முகத்தில் மட்டும் முத்தின் மினுமினுப்பு, மற்ற முகங்களில் கண்ணாடிப் பளபளப்பு. அதன் படிகம் சதுரம், பக்கக் கோடுகள் நெடுக்கு. குவார்ட்ஸ் அறுகோணம், கோடுகள் குறுக்கு. ஸ்டில்பைட்டோ நடுவில் இறுக்கிய கதிர்க்கட்டு மாதிரி விரிந்து நிற்கும்.

நிறமே அடையாளமான கனிமங்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. புனே அருகே வாகோலியில் கிடைக்கும் கவன்சைட்டின் நீலம், மாலகைட்டின் பச்சை ஆகியவை நம்பகமானவை. நிறம் தரும் வனேடியமும் செம்பும் அவற்றின் அமைப்பிலேயே இருப்பதுதான் காரணம். மற்றவற்றுக்குத் தூளின் நிறம் மேல். பீங்கான் ஓட்டின் மெருகில்லாத பின்புறத்தில் தேய்த்தால், கறுத்து மின்னும் ஹெமடைட்கூட செம்பழுப்புக் கோடுதான் போடும். சேலம் கஞ்சமலையின் மேக்னடைட் கறுப்புக் கோடு போடும், காந்தத்திலும் ஒட்டும். கீறினால் மாதிரி கெட்டுவிடுமே என்பவர்கள் அடிப்பக்கத்து உடைந்த மூலையில் கீறலாம். கைப்பேசிப் படமே போதும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: படத்துக்குக் கடினமும் தெரியாது, எடையும் தெரியாது.

கைச்சோதனைக்கும் எல்லை உண்டு. நாட்ரோலைட், மெசோலைட், ஸ்கோலசைட் மூன்றும் வெள்ளை ஊசிக் கற்றைகள். அவற்றைப் பிரிக்கப் பெரும்பாலும் எக்ஸ்ரே சோதனை வேண்டும். ஆனாலும் எத்தனையோ கனிமங்களிலிருந்து இந்த மூன்றுக்குள் சந்தேகத்தைக் குறுக்கியது கைச்சோதனைதான். எனவே கல்லைக் கையில் எடுத்தால் முதலில் வடிவம், அடுத்து பிளவு, பிறகு கடினம், தூளின் நிறம். மேல்நிறத்தைக் கடைசியில் கேளுங்கள். அதுவும் மற்றவை சொன்னதோடு ஒத்துப்போனால் மட்டும் நம்புங்கள்.