நிறத்தைச் சிதறவிடாத கல்

தைப்பூசத்தன்று பத்துமலையில் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் தூக்கிப் பிடித்திருக்கும் நீளமான வெள்ளை லென்சுகளைப் பார்த்திருப்பீங்க. அவற்றில் சிலவற்றுக்குள் கண்ணாடி மட்டும் இல்லை, ஒரு படிகமும் இருக்கிறது. பெயர் கல்சியம் ஃபுளோரைடு. ஒரு கல்சியம் அயனிக்கு இரண்டு ஃபுளோரைடு அயனி, அவ்வளவுதான். மண்ணிலிருந்து எடுக்கும்போது அதற்கு ஃபுளோரைட் என்று பெயர். ஊதா, பச்சை, மஞ்சள் எனப் பல நிறங்களில் கிடைக்கும். இரும்பு உருக்கும் ஆலைகளில் கசடு எளிதாக ஓடுவதற்காக அதை வாரிப் போடுவார்கள். அப்படிப்பட்ட கல்லுக்கு லென்சுக்குள் என்ன வேலை?

வார இறுதியில் நான் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் முப்பட்டகம் வரையத் தெரியும். வெள்ளை ஒளி உள்ளே போகும், ஏழு நிறம் வெளியே வரும். “சரி, லென்சும் கண்ணாடிதானே, அது மட்டும் நிறத்தைப் பிரிக்காதா?” என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். பிரிக்கும்! நீலம் அதிகமாக வளையும், சிவப்பு குறைவாக வளையும். அதனால் இரண்டும் ஒரே இடத்தில் குவியாது. விலை மலிவான தொலைநோக்கி இருந்தால், வெளிச்சமான வானத்துக்கு எதிரே நிற்கும் விளக்குக்கம்பத்தைப் பாருங்க. விளிம்பில் ஊதாக் கோடு ஓடும். (சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது.)

ஒரு பொருள் நிறங்களை எவ்வளவு குறைவாகப் பிரிக்கிறது என்பதற்கு அபே எண் என்று ஓர் அளவு உண்டு. எண் பெரிதாக இருந்தால் பிரிப்பது குறைவு. சாதாரண ஒளியியல் கண்ணாடிக்கு அது சுமார் 64. கல்சியம் ஃபுளோரைடுக்குச் சுமார் 95. ஏன் இந்த வித்தியாசம்? ஒரு பொருள் எந்த அலைநீளத்தில் ஒளியை விழுங்க ஆரம்பிக்கிறதோ, அதை நெருங்க நெருங்க நிறங்களைப் பிரிப்பதும் கூடும். ஃபுளோரைடு அயனி தன் எலெக்ட்ரான்களை இறுக்கிப் பிடித்திருக்கும். அதனால் இந்தப் படிகம் ஒளியை விழுங்கத் தொடங்குவது புற ஊதாவின் கோடியில், 130 நானோமீட்டர் பக்கத்தில்தான். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி அங்கிருந்து வெகுதூரம். இந்த ஒரு காரணத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

அபே என்பது எர்ன்ஸ்ட் அபே, ஜெர்மனியின் ஜேனா நகரில் சைஸ் நிறுவனத்தில் நுண்ணோக்கி செய்தவர். ஆல்ப்ஸ் மலையில் கிடைத்த தெளிவான ஃபுளோரைட் கற்களை அறுத்து லென்சாக்கி, மூன்று நிறங்களை ஒரே இடத்தில் குவிக்கும் நுண்ணோக்கி லென்சுகளை 1886இல் வெளியிட்டார். ஆனால், குறையில்லாத கல் கிடைப்பது அரிது. உருக்கிச் செய்யும் வழியை அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஸ்டாக்பார்கர் உருவாக்கினார். வெற்றிடச் சூளையில் 1,400 டிகிரி செல்சியஸ் அளவில் உருக்கி, கலத்தை மெல்ல மெல்லக் குளிர்ந்த பகுதிக்கு இறக்க வேண்டும். அவசரப்பட்டால் விரிசல்தான். 1969இல் கெனான் இப்படி வளர்த்த படிகத்தைக் கேமரா லென்சில் வைத்து விற்றது. வெப்பம் பட்டால் இது கண்ணாடியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் விரியும். லென்சின் உடலுக்கு வெள்ளை பூசியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். நம் கைப்பேசிச் சில்லுகளின் நுண்கோடுகளை ஒளியால்தான் ‘அச்சடிக்கிறார்கள்’. அலைநீளம் குறையக் குறைய கோடு மெலியும். 193 நானோமீட்டர் ஒளியை அடுத்து 157க்கு இறங்கலாம் என்று 1990களின் இறுதியில் தொழில்துறை திட்டமிட்டது. 157இல் வழக்கமான சிலிக்கா லென்சு உதவாது. கல்சியம் ஃபுளோரைடே கதி என்று பெரிய பெரிய படிகங்களை வளர்க்கப் பணத்தைக் கொட்டினார்கள். கனசதுர அமைப்புள்ள படிகம் எல்லாத் திசையிலும் ஒளியை ஒரே மாதிரி நடத்தும், ஒரு கதிரை இரண்டாகப் பிரிக்காது என்று பாடநூல்கள் சொல்லும். அதை நம்பித்தான் இவ்வளவும்.

2001இல் அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்தில் ஜான் பர்னெட்டும் அவருடைய குழுவினரும் அளந்து பார்த்தார்கள். பிரித்தது! ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்குச் சுமார் 11 நானோமீட்டர். தாங்கக்கூடியது ஏறக்குறைய 1 மட்டுமே. படிகத்தின் அடிப்படைக் கட்டம் 0.546 நானோமீட்டர் அகலம். ஒளியின் அலை குறுகும்போது, அந்தக் கட்டத்தை ‘ஒன்றுமில்லை’ என்று ஒதுக்க முடியாமல் போகிறது. படிகத்தில் குறையில்லை, அதன் இயல்பே அப்படி. லோரென்ஸ் என்ற இயற்பியலாளர் 19ஆம் நூற்றாண்டிலேயே கணித்துச் சொன்னதுதான். தேடிப் படித்தவர்கள் குறைவு. ‘கனசதுரம் என்றால் பிரிக்காது’ என்று மனப்பாடம் செய்து எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். லென்சுக்கு அது போதவில்லை.

படிகங்களை வெவ்வேறு கோணத்தில் திருப்பி அடுக்கி, ஒன்றின் பிழையை இன்னொன்றால் ஈடுகட்டப் பொறியாளர்கள் வழி கண்டார்கள். ஆனால் வேறு சிக்கல்களும் சேர்ந்துகொண்டன. 2003இல் இன்டெல் 157ஐக் கைவிட்டது. வென்றது எது தெரியுமா? தண்ணீர்! லென்சுக்கும் சில்லுக்கும் இடையே தூய நீரை நிறுத்தினால், அந்த நீரின் ஒளிவிலகல் எண் 1.44. 193ஐ 1.44ஆல் வகுத்துப் பாருங்க. 134 வரும், 157ஐவிடக் குறைவு.

கல்சியம் ஃபுளோரைடு வேலையிழந்துவிடவில்லை. புற ஊதா லேசர்களுக்குச் சன்னலாக இருக்கிறது. அகச்சிவப்பில் 8, 9 மைக்ரோமீட்டர் வரைக்கும் ஒளியை விடுவதால் வேதியியல் கூடங்களிலும் அதைக் காணலாம். அங்கே உப்புச் சன்னலும் உண்டு, ஆனால் ஈரமான மாதிரியை வைத்தால் உப்பு கரைந்துவிடும். இது கரையாது என்றே சொல்லலாம், ஒரு லிட்டர் நீரில் சுமார் 16 மில்லிகிராம்தான். பல்கலைக்கழக ஆய்வகத்தில் யாராவது அதை உங்கள் கையில் கொடுத்தால் ஓரத்தைப் பிடிங்க, துடைக்காதீங்க. கண்ணாடியைவிட மென்மையானது, சட்டென்று கீறல் விழும்.