பேப்பர் இருந்தால்தான் மெடிக்கல் சீட்டா?

“காலேஜ் முடிச்ச கையோட ஒரு வருஷம் லேபுக்குப் போகணும். பேப்பர் வரலேன்னா அந்த வருஷமே வேஸ்ட்.” அமெரிக்காவில் டாக்டருக்குப் படிக்கத் துடிக்கும் பிள்ளை இருக்கிற தமிழ் வீடுகளில் இப்போது இதே பேச்சு. பொங்கல் விழாப் பந்தியிலும் வாட்ஸ்அப் குழுவிலும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. மருத்துவ ஆய்வுகளுக்குப் புள்ளியியல் கணக்குப் பார்ப்பது என் தொழில். பேப்பர், அதாவது இதழில் அச்சாகும் ஆய்வுக் கட்டுரை, எப்படி உருவாகிறது என்பதை அருகிலிருந்து பார்க்கிறேன். அதனால் சொல்கிறேன், பேப்பர் இல்லாவிட்டால் சீட் இல்லை என்பது சுத்தப் பொய்.

முதலில் காலண்டரைப் பாருங்கள். அங்கே நாலு வருடப் பட்டப்படிப்புக்குப் பிறகுதான் மருத்துவக் கல்லூரி. பெரும்பாலான கல்லூரிகளுக்கு அம்காஸ் என்ற பொது விண்ணப்பம். மே கடைசி அல்லது ஜூன் தொடக்கத்திலிருந்து அதை அனுப்பலாம். வகுப்பு தொடங்குவதோ மறு ஆண்டு ஜூலை, ஆகஸ்டில். மே மாதம் பட்டம் வாங்கி ஜூனில் விண்ணப்பிக்கிற பிள்ளை, அப்போதுதான் லேபில் கால் வைத்திருக்கும். அந்த ஆண்டின் உழைப்பு முழுக்க, ‘இனிச் செய்யப்போகும் மணிநேரம்’ என்ற கணக்கில்தான் விண்ணப்பத்தில் ஏறும். அனுப்பும் நாளில் பேப்பருக்கு எங்கே போவது?

பேப்பர் என்ன, பத்து மாதத்தில் பிறக்கிற பிள்ளையா? மனிதர்கள் சம்பந்தப்பட்ட ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பிறகு தரவு சேர்க்க வேண்டும், சரிபார்க்க வேண்டும், கணக்குப் போட வேண்டும். எழுதி அனுப்பினால் இதழின் மதிப்பீட்டாளர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்துவிட்டு, திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். ஓராண்டுக்கு வருகிறவர், யாரோ தொடங்கிய வேலையின் நடுவில் வந்து, அது முடிவதற்குள் போய்விடுவார். பல லேப்கள் இரண்டாண்டு இருக்கச் சொல்வதன் காரணம் இதுதான். முடிவு எப்படி வரும், எப்போது அச்சாகும் என்பதெல்லாம் அந்தப் பிள்ளையின் கையில் இல்லை.

பின்னே இந்த வதந்தி எங்கிருந்து கிளம்பியது? என் ஊகம் இது. மருத்துவம் படித்து முடிப்பவர்கள் சிறப்புப் பயிற்சி இடத்துக்காக மோதும் ரெசிடென்சிப் போட்டியிலிருந்து. 2022 ஜனவரியில், மருத்துவர் உரிமத் தேர்வான யுஎஸ்எம்எல்இயின் முதல் படியில் மதிப்பெண்ணை எடுத்துவிட்டு, தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டும் ஆக்கினார்கள். எடைபோட வேறு எண் வேண்டுமே, ஏற்கெனவே எண்ணிவந்த ஆய்வுகளுக்கு மவுசு கூடியது. நரம்பு அறுவைச் சிகிச்சையில் இடம் பிடித்தவர்களின் சராசரி 25ஐத் தாண்டிய கதை வீட்டுக்கு வீடு பரவியது. அந்த 25இல் மாநாட்டுச் சுருக்கம், போஸ்டர், பேச்சு எல்லாம் சேர்த்தி என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. டாக்டர் ஆனவர்களின் கணக்கை, டாக்டர் ஆகாத பிள்ளையின் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி, சேர வருகிறவர்களிடம் எதிர்பார்க்கும் திறன்கள் என்று 17 வைத்திருக்கிறது. அறிவியல் முறையில் ஆராயும் திறன் அதில் உண்டு. அச்சில் பெயர் வந்திருக்க வேண்டும் என்று இல்லை. எம்டி-பிஎச்டி சேர்ந்து படிக்க விரும்புகிறவர்கள் விதிவிலக்கு. அவர்களுக்கு ஆழ்ந்த ஆய்வு அனுபவம் கட்டாயம் வேண்டும். அங்கும் அனுபவம்தான் முக்கியம், எண்ணிக்கை அல்ல.

இந்தப் பயத்தில் காசு பார்க்கிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கிக்கொண்டு ‘ஆசிரியர் பெயர் உறுதி’ என்கிறார்கள். நல்ல இதழ்களும் அச்சுக் கட்டணம் வாங்குவதுண்டு, ஆனால் அதைக் கட்டுவது லேப். ஆசிரியர் பட்டியலில் இடத்தை விலைக்கு வாங்குவது மோசடி. பணத்துக்காக எதையும் போடும் இதழ்களின் தரமோ ஊரறிந்தது. அறிவியல் செய்தியாளர் ஜான் போஹானன் வேண்டுமென்றே பிழைகளை நிரப்பிய போலிக் கட்டுரையை 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. 2013இல் ‘சயின்ஸ்’ இதழிலேயே வெளிவந்த செய்தி இது.

இந்த இடைவெளி ஆண்டைப் பற்றி உலவும் மற்ற கதைகளுக்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை. இடைவெளி எடுத்தால் தோற்றவன் என்று நினைப்பார்களாம். சேருகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் குறைந்தது ஓராண்டு இடைவெளி எடுத்தவர்களே. மருத்துவக் காப்பீடு போய்விடுமாம். 26 வயதுவரை பெற்றோர் காப்பீட்டிலேயே இருக்கலாம். எம்கேட் என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண் என்றும் செல்லுமாம். பல கல்லூரிகள் இரண்டு மூன்று ஆண்டுக்கு மேல் ஏற்பதில்லை. பெத்தெஸ்டாவில் உள்ள அரசு மருத்துவ ஆய்வு நிறுவனமான என்ஐஎச் தரும் பயிற்சிக்கு யாரும் போகலாமாம். பட்டதாரிகளுக்கான அந்தத் திட்டம் குடிமக்களுக்கும் பச்சை அட்டைக்காரர்களுக்கும்தான். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளைகளின் வீட்டில் இதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

அந்த ஓராண்டில் என்னதான் செய்வது? நோயாளியை நேரில் பார்க்கிற வேலை ஒன்று. இன்னொன்று, புள்ளியியல். என் கடைச் சரக்கை நானே விற்கிறேன் என்பீர்கள், இருக்கட்டும். 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு குழுவின் கட்டுரை 12 குழந்தைகளை வைத்துத் தடுப்பூசிமேல் சந்தேகத்தைக் கிளப்பியது. 2010இல் ‘லான்செட்’ அதைத் திரும்பப் பெறும்முன் உலகமே அல்லாடியது. ஒப்பிட ஒரு குழுகூட இல்லையே என்று கேட்கத் தெரிந்த டாக்டர்கள் ஊருக்கு ஊர் வேண்டும். மருத்துவர்கள் பதவிக்காக ஆய்வு செய்வதால்தான் மட்டமான ஆய்வுகள் குவிகின்றன என்று புள்ளியியல் அறிஞர் டக் ஆல்ட்மன் 1994லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் சாடினார். இன்று அந்த வியாதியைப் பதவிக்கு வரும் முன்பே பிள்ளைகளுக்கு ஒட்ட வைக்கிறோம்.

லேபில் சேரும் முன் பிள்ளை கேட்க வேண்டியவை இவை: வார்டுக்குப் போக விடுவீர்களா? தரவை நானே தொட்டுக் கணக்குப் போடலாமா? பரிந்துரைக் கடிதம் எழுதுகிறவர் என் வேலையை நேரில் பார்ப்பாரா? மூன்றுக்கும் ஆம் என்றால் சேரட்டும். பெற்றோருக்கு ஒரே வேண்டுகோள்: “பேப்பர் வந்துச்சா?” என்று வாராவாரம் கேட்பதை விடுங்கள், பேப்பர் விற்கிறவனுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.