மலையில் ஹாம் ஆன்டெனா: நம்பிக்கைகளும் உண்மைகளும்

குன்னூர்ப் பக்கம் ஒரு வீட்டுத் தோட்டத்தில் இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நீளக் கம்பி ஒன்றைக் கட்டிப் பாருங்கள். செல் டவர் வரப்போகிறது, இனி டிவி தெரியாது, யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று பொழுது சாய்வதற்குள் பேச்சு கிளம்பிவிடும். கம்பி கட்டியவர், உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் ‘ஹாம்’. அவரிடமும் தவறான எண்ணங்களுக்குக் குறைவிருக்காது. இரு தரப்பையும் பார்த்துவிடுவோம்.

நம்பிக்கை: ஹாம் லைசென்ஸ் கையில் இருந்தால் ஆன்டெனாவை யாரும் தடுக்க முடியாது.

உண்மை: தேர்வெழுதி, 1978ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய தொலைத்தொடர்புத் துறையிடம் வாங்கும் உரிமம், ஒலிபரப்புவதற்கு மட்டுமே அனுமதி தருகிறது. கட்டுமானத்துக்கு அது பொருந்தாது. அமெரிக்காவில் உள்ளாட்சிகள் ஹாம் ஆன்டெனாக்களுக்கு நியாயமான அளவு இடம்கொடுக்க வேண்டும் என்று 1985இல் அந்நாட்டு மத்திய தொலைத்தொடர்பு ஆணையமே உத்தரவிட்டது. அப்படி ஒரு பாதுகாப்பு இங்கே இல்லை. நீலகிரியிலோ கட்டுப்பாடு கூடுதல். 1993இல் வந்த மலைநகரக் கட்டட விதிகள் கட்டடங்களின் உயரத்தையே 7 மீட்டரோடு நிறுத்தின. கான்கிரீட் போட்டு இரும்பு டவர் நிறுத்தும் எண்ணமிருந்தால், குழி தோண்டும் முன்பே உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. வெலிங்டன் என்றால் கன்டோன்மென்ட் போர்டைக் கேட்க வேண்டும். எஸ்டேட் லைன் வீடு நிர்வாகத்தின் சொத்து. மேனேஜர் சம்மதம் இல்லாமல் ஆணிகூட அடிக்க முடியாது. கம்பிக்கு வழிவிட மரத்தை வெட்டலாம் என்றும் நினைக்காதீர்கள். மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது.

நம்பிக்கை: சுற்றிலும் மலை. உயரமான டவர் இல்லாவிட்டால் குரல் வெளியே போகாது.

உண்மை: 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு வேண்டிய அரை அலை டைபோல் ஏறத்தாழ 20 மீட்டர் கம்பி, அவ்வளவுதான். அதை 5 முதல் 7 மீட்டர் உயரத்தில் கட்டினால் அலையின் பெரும்பகுதி நேராக மேலே போய், சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலத்தில் பட்டு, சுற்றுவட்டாரம் முழுக்கத் திரும்பி இறங்கும். இடையில் தொட்டபெட்டா சிகரமே நின்றாலும் கவலையில்லை. பகல் நேரத்தில் கோவை, மதுரை, சென்னை என்று சில நூறு கிலோமீட்டருக்குப் பேச இந்தத் தாழ்ந்த கம்பிதான் ஏற்றது. கடல்கடந்த தொடர்புக்குத்தான் உயரம் கைகொடுக்கும்.

145 மெகாஹெர்ட்ஸில் கதை வேறு. அங்கே அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவதால் மலை மறைக்கும். குன்னூர்ச் சரிவில் மேட்டுப்பாளையம் பக்கம் பார்த்த வீட்டுக்குச் சமவெளி கிடைக்கும், கூடலூர் கிடைக்காது. இதற்கான கால் அலைக் கம்பி அரை மீட்டர்தான். மங்களூர் ஓட்டுக்கு உள்ளே பரணில் வைத்தாலும் வேலை செய்யும். தகரக் கூரை வீடு என்றால் உள்ளே வைத்துப் பயனில்லை. கூரைமேல் வைத்தால் அந்தத் தகரமே ஆன்டெனாவுக்குத் தளமாக உதவும்.

உயரத்தைவிட இடம் முக்கியம் என்பதற்கு உதகை முத்தோரையில் 1970இல் எழுந்த ரேடியோ தொலைநோக்கியே சாட்சி. கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் ஊரின் அட்சரேகைக்குச் சமமாக, சுமார் 11 டிகிரி சாய்ந்த சரிவைத் தேடிப்பிடித்து, 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியை அதன்மேல் கிடத்தினார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் தொடர முடிகிறது.

நம்பிக்கை: ஹாம் ஆன்டெனாவிலிருந்து வரும் கதிர்வீச்சு செல் டவரைவிட மோசம்.

உண்மை: செல் டவர் இரவும் பகலும் ஓயாமல் அலை அனுப்புகிறது. ஹாம் பேசும் நேரத்தைவிடக் கேட்கும் நேரமே அதிகம். புதியவருக்கான கட்டுப்பாட்டு நிலை உரிமத்தில் 50 வாட்தான் உச்சம். இந்த அலைகள் அணுக்களை அயனியாக்கும் வகை அல்ல. நிரூபணமான தீங்கு, மிக அருகில் ஏற்படும் சூடு. ஆனால் ஒலிபரப்பும்போது டைபோலின் முனைகளில் மின்னழுத்தம் அதிகம், தொட்டால் சுடும். குழந்தைகளின் கைக்கும், தோட்டத்துக்குள் வரும் காட்டெருமையின் கொம்புக்கும் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். குரங்குகள் கேபிளில் ஊஞ்சலாடும் என்பதையும் கணக்கில் வைத்துக் கட்டுங்கள்.

நம்பிக்கை: பக்கத்து வீட்டு டிவி கெட்டுப்போகும்.

உண்மை: டிடிஎச் இயங்குவது 10 ஜிகாஹெர்ட்ஸுக்கும் மேலே. மேலே சொன்ன 7, 145 மெகாஹெர்ட்ஸ் ஹாம் அலைவரிசைகள் அதற்கு வெகு தொலைவில் இருக்கின்றன. ஆனாலும் மட்டமான ஸ்பீக்கர், பழைய கேபிள் இணைப்பு போன்றவற்றில் குரல் நுழைவதுண்டு. செட்டில் ஃபில்டர், ஒயரில் ஃபெரைட் வளையம் போட்டால் பெரும்பாலும் தீரும். பல நேரம் நடப்பது தலைகீழ். மலிவான எல்இடி பல்புகளும் சார்ஜர்களும் கிளப்பும் இரைச்சலில் ஹாமுக்குத்தான் காது கேட்காது.

நம்பிக்கை: கம்பி இடியை இழுத்துவரும்.

உண்மை: கிலோமீட்டர் கணக்கில் உயரும் மேகத்தின் இடியைச் சில மீட்டர் கம்பி எங்கிருந்தோ இழுத்துவிடாது. ஆனால் அருகில் விழும் இடியின் மின்சாரத்தைக் கேபிள் வழியே வீட்டுக்குள் கொண்டுவரும். ஏப்ரல், மே கோடை இடியிலும் ஐப்பசி மழையிலும் வானம் கறுக்கும் முன்பே கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும். பாறை மண்ணில் எர்த் கம்பி ஆழம் போகாது. ஒன்றுக்கு மூன்றாக அடித்து, வீட்டு எர்த்தோடு இணைக்க வேண்டும். இடியைவிட அருகில் இருக்கும் ஆபத்து ஈபி லைன். ஆன்டெனா சரிந்து விழுந்தாலும் அதைத் தொடாத தூரம் வேண்டும்.

நம்பிக்கை: இது ஒட்டுக்கேட்கும் வேலை.

உண்மை: ஹாம் தன் அழைப்புக் குறியைச் சொல்லியே பேச வேண்டும். ரகசியக் குறியீட்டுக்குத் தடை. ரேடியோ வைத்திருக்கும் எவரும் கேட்கலாம். ஆபத்து நேரத்தில் ஊருக்குக் கைகொடுப்பதும் உண்டு. பாதுகாப்புக் காரணத்தால் பல ஆண்டுகள் ஹாமுக்கு அனுமதி கிடைக்காத அந்தமானில், 2004 டிசம்பரில் அனுமதியோடு பாரதி பிரசாத் என்ற ஹாமின் குழு நிலையம் அமைத்தது. 26ஆம் தேதி சுனாமி தாக்கித் தொடர்புகள் அறுந்தபோது, போர்ட் பிளேரிலிருந்து செய்தி கடத்தியது அந்த நிலையம். 2009 நவம்பரில் நிலச்சரிவுகளால் சாலைகள் துண்டிக்கப்பட்டதையும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதையும் கண்ட நீலகிரி மாவட்டத்துக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

சட்டம் தராத உரிமையை அண்டைவீட்டார்தான் தர முடியும். கம்பி ஏறும் முன்பே அவர்களைக் கூப்பிட்டு உரிமத்தைக் காட்டி, ஒரு கப் டீயோடு செட்டையும் கேட்க வையுங்கள். டிவியில் இரைச்சல் வந்தால் எந்த நேரமும் கதவைத் தட்டலாம் என்று சொல்லிவையுங்கள். முதல் புகார் நகராட்சிக்குப் போகாமல் உங்களிடமே வந்தால், பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.