எருவை ஏற்காத செடி

திராட்சைக்கு எருவிட்டுப் பழகிய கம்பம் பள்ளத்தாக்கு அங்கத்தினர்க்கு, எருவே நஞ்சாகும் செடியொன்று வியப்பளிக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரப் புல்வெளிகளில் முளைக்கும் அழுகண்ணி, அதாவது திரோசெரா, அத்தகையது. அதன் இலைமயிர் நுனியில் பனித்துளிபோல் மின்னுவது பசையாகும். அதில் ஒட்டிய பூச்சியைச் செடி செரித்து உட்கொள்வதை டார்வின் 1875-இல் வெளியிட்ட தம் நூலில் சோதனைகளுடன் விளக்கினார். சத்தற்ற மண்ணில் கிடைக்காத தழைச்சத்தை அது இவ்வாறு ஈட்டுகிறது. எனவே அதற்கு எரு வேண்டுவதில்லை.

வளர்க்கும் முறை எளிது. கழுவிய மணலையும், உப்பு நீங்க அலசிய தென்னைநார்க் கழிவையும் சமமாகக் கலந்து தொட்டியில் நிரப்புக. விதையை மேலே தூவுக; முளைக்க ஒளி வேண்டுமாதலின் மண்ணால் மூடலாகாது. தொட்டியை மழைநீர்த் தட்டில் வைத்து நல்ல வெளிச்சம் தருக. உப்பு மிகுந்த கிணற்று நீரும் யூரியாவும் செடியை மாய்க்கும். முதிர்ந்த காயின் விதையைச் சேகரித்து மீண்டும் விதைக்கலாம்.

இதனால் பயிர்ப்பூச்சி ஒழியுமா எனச் சிலர் நம்மிடம் வினவினர். ஒழியாது, அகப்படுவன சிறு ஈ, கொசு போன்ற சிலவே. மேகமலையில் பிடுங்கி வருதலும் தகாது. அவ்வனம் 2021 முதல் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அங்கு அனுமதியின்றிச் செடி எடுப்பது குற்றமாகும். வளர்ப்போரிடம் விதை பெற்று, பெருக்கி, நமக்குள் பகிர்ந்துகொள்வதே கூட்டுறவாளர்க்கு அழகு.